ப்ரொவிஷனலா, நேரடி கம்ப்ளீட்டா, விரைவுப் பரிசோதனையா: 2024 விதிகளுக்குப் பிறகு காப்புரிமைக்கு எந்த வழி?

கண்டுபிடிப்பு கையில் இருக்கிறது, விண்ணப்பம் எந்த வழியில் போடுவது என்றுதான் தெரியவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "முதலில் ப்ரொவிஷனல் போட்டு வையுங்க, ஒரு வருஷம் கிடைக்கும், அப்புறம் கம்ப்ளீட் போடலாம், பரிசோதனைக்கு நாலு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு." (ப்ரொவிஷனல் என்பது தேதியைப் பிடித்துவைக்கப் போடும் தற்காலிக விவரம், கம்ப்ளீட் என்பது முழு விவரம், பரிசோதனை என்பது காப்புரிமை அலுவலகம் அதன் தகுதியைப் பார்ப்பது.) இந்த அறிவுரையின் கடைசிப் பகுதி 2024 மார்ச் 15 அன்றே காலாவதியாகிவிட்டது. அன்று நடைமுறைக்கு வந்த இந்தியக் காப்புரிமைத் திருத்த விதிகள், பரிசோதனை கேட்பதற்கான கெடுவை 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைத்துவிட்டன. பழைய கணக்கை நம்பி இன்று விண்ணப்பம் போடுபவர், தன் விண்ணப்பம் வாபஸ் பெற்றதாகக் கருதப்படும் நிலைக்கு வந்து நிற்பார். அதனால் எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

## முதலில் என்ன மாறியது

இந்தத் தேர்வைப் பாதிக்கும் பெரிய மாற்றம் அந்த 31 மாதம்தான். அது முன்னுரிமைத் தேதியிலிருந்து (அந்தக் கண்டுபிடிப்புக்கு முதலில் போட்ட விண்ணப்பத்தின் தேதி) எண்ணப்படும். அதாவது ப்ரொவிஷனல் போட்டவருக்கு ப்ரொவிஷனல் போட்ட நாளிலிருந்தே கடிகாரம் ஓடும், கம்ப்ளீட் போட்ட நாளிலிருந்து அல்ல. முன்பு ஒரு வருஷம் ப்ரொவிஷனலில் போனாலும் இன்னும் 36 மாதம் மிச்சமிருந்தது. இப்போது 19 மாதம்.

இன்னொரு மாற்றம், கண்டுபிடிப்பை ஏற்கெனவே வெளியில் காட்டிவிட்டவர்களுக்கான சலுகைக் காலத்தைக் கேட்பதற்கு ஃபார்ம் 31 என்று தனிப் படிவம் வந்திருப்பது. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சலுகையை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம்.

மற்றவை இந்தத் தேர்வை மாற்றாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். காப்புரிமையை நடைமுறையில் பயன்படுத்துகிறோமா என்று சொல்லும் ஃபார்ம் 27 வருஷா வருஷம் தர வேண்டியதில்லை, மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை போதும். புதுப்பிப்புக் கட்டணத்தைக் குறைந்தது நான்கு வருஷத்துக்கு முன்கூட்டியே ஆன்லைனில் கட்டினால் 10 சதவீதம் குறையும். காப்புரிமை வழங்குமுன் எதிர்ப்புத் தெரிவிப்பது முன்பு இலவசம், இப்போது அதற்கும் கட்டணம் உண்டு. காரணமில்லாமல் எதிர்ப்பு மனு போட்டு இழுத்தடிப்பது இதனால் கொஞ்சம் குறையும் என்று நம்பலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். ஒன்று, கண்டுபிடிப்பு எவ்வளவு முடிந்திருக்கிறது. சோதனை செய்து பார்த்தாகிவிட்டதா, இன்னும் மாறுமா. இரண்டு, அதை எப்போது வெளியாருக்குக் காட்டப் போகிறீர்கள். கண்காட்சி, ஆய்வுக் கட்டுரை, முதலீட்டாளர் சந்திப்பு, முதல் விற்பனை எல்லாம் இதில் சேரும். விண்ணப்பத்துக்கு முன்பே வெளியாகிவிட்டால் கண்டுபிடிப்பு புதியதல்ல என்றாகிவிடலாம். மூன்று, பணம் மொத்தம் எவ்வளவு என்பதைவிட எந்த மாதத்தில் எவ்வளவு தேவைப்படும் என்பது. நான்கு, பின்வாங்கும் வசதி. போட்டது சரியில்லை என்று தெரிந்தால், உலகத்துக்குத் தெரியாமல் எடுத்துவிட்டுத் திருத்தி மறுபடி போட முடியுமா.

இந்த நான்காவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

## வழி 1: ப்ரொவிஷனல் போட்டு, 12 மாதத்துக்குள் கம்ப்ளீட்

ப்ரொவிஷனலில் கிளெய்ம்கள் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வரிகள்) தேவையில்லை, கண்டுபிடிப்பின் விவரம் இருந்தால் போதும். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் என்றால் ஆன்லைனில் 1,600 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 8,000. அன்றைய தேதி உங்களுக்கு உறுதியாகிவிடும்.

இது மலிவான வழி என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நேரடியாகக் கம்ப்ளீட் போட்டாலும் அரசுக் கட்டணம் அதே 1,600தான். ப்ரொவிஷனலுக்குப் பின் வரும் கம்ப்ளீட்டுக்குத் தனி விண்ணப்பக் கட்டணம் கிடையாது, கூடுதல் பக்கத்துக்கும் கிளெய்முக்கும் மட்டும்தான் பணம். ஆக அரசுக் கணக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் காப்புரிமை ஏஜென்ட் வைத்தால் எழுத்து வேலை இரண்டு முறை நடக்கிறது, அவருக்கு இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

பெரிய ஆபத்து பணத்தில் இல்லை. ப்ரொவிஷனலில் என்ன எழுதினீர்களோ அதற்கு மட்டும்தான் அந்தத் தேதி. ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். கோவையில் ஒரு சிறு பட்டறை, கழிவுநீர் பம்புக்குப் புதுவகை இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரம்) செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி நாரும் பிளாஸ்டிக்கும் சிக்கிக்கொள்ளாமல் இருக்க இறக்கையின் முன் விளிம்பில் பல் போல வெட்டு வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் ஒன்றரைப் பக்கத்தில் "முன் விளிம்பில் வெட்டுகள் கொண்ட இம்பெல்லர்" என்று ப்ரொவிஷனல் போட்டுவிடுகிறார்கள். ஐந்தாவது மாதம் சோதனையில் தெரிகிறது, வெட்டு மட்டும் போதாது, எதிரே கேஸிங்கிலும் (சக்கரத்தைச் சுற்றியுள்ள கூடு) அதற்கு ஏற்ற ஒரு பள்ளம் வேண்டும், அப்போதுதான் நார் அறுபட்டு வெளியே போகிறது. உண்மையான கண்டுபிடிப்பு அந்தப் பள்ளம்தான். ஏழாவது மாதம் வேறொருவர் அதே பள்ளத்தை வைத்து ஒரு விண்ணப்பம் போடுகிறார். பன்னிரண்டாவது மாதம் நம் பட்டறை கம்ப்ளீட் போடும்போது, வெட்டு பற்றிய கிளெய்முக்கு முதல் நாள் தேதி கிடைக்கும், பள்ளம் பற்றிய கிளெய்முக்குக் கம்ப்ளீட் போட்ட தேதிதான் கிடைக்கும். அதாவது மற்றவருக்குப் பின்னால்.

இதற்கு மருந்து இரண்டு. முதல் ப்ரொவிஷனலிலேயே தாராளமாக எழுதுவது: வெட்டின் ஆழம் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை, எத்தனை வெட்டு, கேஸிங்குக்கும் இறக்கைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு, எந்த உலோகம், இன்னும் செய்து பார்க்காத மாற்று வடிவங்கள், கையால் வரைந்ததாக இருந்தாலும் சரி, படங்கள். இரண்டாவது, ஐந்தாம் மாதம் பள்ளத்தைக் கண்டுபிடித்த அந்த வாரமே இன்னொரு ப்ரொவிஷனல் போடுவது. ஒன்றோடொன்று தொடர்புள்ள ப்ரொவிஷனல்களை, முதலாவது போட்ட 12 மாதத்துக்குள் ஒரே கம்ப்ளீட்டில் சேர்க்கச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இடம் தருகிறது. செலவு இன்னொரு 1,600.

அந்த 12 மாதம் நீட்டிக்க முடியாதது. விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். விண்ணப்பத் தேதியையே ஆறு மாதம் வரை பின்னால் தள்ளிக் கேட்கலாம், ஆனால் அப்போது முன்னுரிமைத் தேதியும் பின்னால் போய்விடும். நடுவில் யாராவது அதையே போட்டிருந்தாலோ, நீங்களே வெளியிட்டிருந்தாலோ போட்டதே வீண். இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு: காப்புரிமையின் 20 வருஷ ஆயுள் ப்ரொவிஷனல் தேதியிலிருந்தே எண்ணப்படுகிறது. அந்த ஒரு வருஷம் ஆயுளிலிருந்து போகிறது.

இவ்வளவும் இருந்தும், ப்ரொவிஷனல்தான் சரி என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் இடம் ஒன்று உண்டு. அடுத்த வாரம் கோவை கொடிசியா கண்காட்சியில் ஸ்டால் போடுகிறீர்கள், அல்லது நாளை மறுநாள் கல்லூரிக் கருத்தரங்கில் மாணவர் கட்டுரை வாசிக்கப் போகிறார் என்றால், இரவோடு இரவாக எழுதியாவது ப்ரொவிஷனல் போட்டுவிட்டு மேடை ஏறுங்கள். "காட்டின பிறகு 12 மாதம் சலுகை இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 31ஆம் பிரிவின் சலுகை எல்லாக் கண்காட்சிக்கும் கிடையாது, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்குத்தான். கட்டுரைக்கும் அறிவுசார் சங்கங்களின் முன் வாசித்தது, அவற்றின் வெளியீட்டில் வந்தது என்ற குறுகிய வரம்பு உண்டு. யூடியூப் வீடியோ, வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட டெமோ, வாடிக்கையாளருக்கு விற்ற முதல் பீஸ் எதுவும் இதில் வராது.

இன்னொரு நன்மை: கம்ப்ளீட் போடாமல் விட்டால் ப்ரொவிஷனல் வெளியிடப்படாது. ரகசியம் ரகசியமாகவே இருக்கும், வேறு எங்கும் வெளியிடாத வரை புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

## வழி 2: நேரடியாகக் கம்ப்ளீட், சாதாரணப் பரிசோதனை

கண்டுபிடிப்பு முடிந்துவிட்டது, சோதனைத் தரவு இருக்கிறது, இனி பெரிதாக மாறாது என்றால் ப்ரொவிஷனலுக்கு வேலையே இல்லை. நேரடியாகக் கம்ப்ளீட் போடுங்கள். வெளிநாட்டில் போடுவதற்கான 12 மாத முன்னுரிமை இதற்கும் அப்படியே உண்டு, அதற்காக ப்ரொவிஷனல் போட வேண்டும் என்பதில்லை.

விண்ணப்பம் 18 மாதம் ரகசியமாக இருக்கும், பிறகு காப்புரிமை இதழில் வெளியாகும். 15 மாதத்துக்குள் வாபஸ் வாங்கினால் வெளியாகாது. நான் நான்காவதாகச் சொன்ன பின்வாங்கும் வசதி இதில்தான் தாராளமாக இருக்கிறது: ஒரு வருஷத்துக்கு மேல் சந்தையைப் பார்த்து, தேடல் செய்து, சரியில்லை என்றால் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம்.

பரிசோதனை கேட்கும் ஃபார்ம் 18 தனிக் கட்டணம்: சிறியவர்களுக்கு (தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம்) 4,000, பெரிய நிறுவனங்களுக்கு 20,000. கேட்டால்தான் பரிசோதனை நடக்கும், தானாக நடக்காது. விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் மொத்தத்தையும் இழக்கிறார்கள். தவறவிட்ட கெடுவுக்கு ஆறு மாதம் வரை நீட்டிப்புக் கேட்க விதி 138இல் இப்போது இடமிருக்கிறது, ஆனால் அது மாதக் கணக்கில் தனிக் கட்டணம், காப்புரிமை அலுவலகக் கட்டுப்பாட்டாளரின் முடிவையும் பொறுத்தது. திட்டத்தில் சேர்க்க வேண்டிய வழி அல்ல.

பழைய விதியில் 47ஆவது மாதம் வரை காத்திருப்பதில் ஒரு அர்த்தம் இருந்தது. இப்போது வெளியீட்டுக்கும் கெடுவுக்கும் நடுவே 13 மாதம்தான். வரிசை கோரிக்கை வந்த முறைப்படி நகர்வதால், விண்ணப்பத்தைத் தொடர்வது என்று முடிவாகிவிட்டால் 18ஆவது மாதத்திலேயே ஃபார்ம் 18 போட்டுவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து. முதல் பரிசோதனை அறிக்கை, அதாவது எஃப்இஆர், வருவதற்குள் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினால் பரிசோதனைக் கட்டணத்தில் 90 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும் என்பதால், சீக்கிரம் கட்டுவதில் ஆபத்தும் குறைவு.

மறைமுகச் செலவு பக்கங்களிலும் கிளெய்ம்களிலும் இருக்கிறது. 30 பக்கத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் 160, பத்து கிளெய்முக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 320 ரூபாய், இது சிறியவர்களுக்கு. 42 பக்கம், 20 கிளெய்ம் என்று ஒரு விண்ணப்பம் போட்டால் கூடுதலாக 5,120 ரூபாய் ஆகும், அடிப்படைக் கட்டணத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். அதே விண்ணப்பம் பெரிய நிறுவனத்துக்கு என்றால் பக்கத்துக்கு 800, கிளெய்முக்கு 1,600 வீதம் கூடுதலே 25,600. கிளெய்மைக் குறைத்து எழுதுவது எழுதுபவரின் திறமை. அந்தத் திறமைக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இங்கேயே திரும்பிவிடும். அப்புறம் எஃப்இஆருக்கு ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஏஜென்ட் செலவில் பெரும்பகுதி விண்ணப்பம் எழுதுவதோடு முடிவதில்லை, இந்தப் பதிலிலும் விசாரணையிலும் தொடர்கிறது. அதற்குத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

## வழி 3: முன்கூட்டி வெளியீடு, விரைவுப் பரிசோதனை

ஃபார்ம் 9 போட்டால் ஒரு மாதத்துக்குள் விண்ணப்பம் வெளியாகும். கூடவே ஃபார்ம் 18ஏ போட்டால் பரிசோதனை தனி வரிசையில் வேகமாக நடக்கும். சிறியவர்களுக்கு முறையே 2,500, 8,000 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 12,500, 60,000.

எல்லாரும் இதைக் கேட்க முடியாது. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், அரசுத் துறை, அரசு நிதியில் நடக்கும் நிறுவனம், பிசிடி (பல நாடுகளுக்குச் சேர்த்துப் போடும் சர்வதேச) விண்ணப்பத்தில் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தைத் தேடல் அமைப்பாகத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆகியோருக்கு உண்டு. தனிநபர் என்றால் விண்ணப்பதாரர்களில் குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஓர் ஆண் தனியாக, எந்த நிறுவனமும் இல்லாமல் போட்டால் இந்தப் பட்டியலில் நேரடியாக வரமாட்டார்.

இதற்காகவே மனைவி பெயரையோ அக்கா பெயரையோ சேர்த்துப் போடச் சொல்லும் ஆலோசனை பரவலாக இருக்கிறது. அவர் உண்மையில் கண்டுபிடிப்பில் பங்கு கொண்டவர் என்றால் கட்டாயம் சேர்க்க வேண்டும், அது அவர் உரிமை. தகுதிக்காக மட்டும் சேர்ப்பதென்றால் 50ஆம் பிரிவைப் படித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேறு ஒப்பந்தம் இல்லாத வரை இணை உரிமையாளர் எல்லாருக்கும் சமமான பங்கு, ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் உரிமம் தரவும் முடியாது, தன் பங்கை விற்கவும் முடியாது. நாளை முதலீட்டாளர் வரும்போது இந்தக் கையெழுத்து எல்லாம் தேவைப்படும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு சிறு தொழில் உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில்) பதிவோடு இருந்தால், அதன் பெயரில், சிறு நிறுவனம் என்று காட்டும் ஃபார்ம் 28 வைத்துப் போடுவது இதைவிட நேரான வழி.

இந்த வழியின் பெரிய பலனாக நான் பார்ப்பது வேகத்தை அல்ல, தகவலை. விண்ணப்பம் போட்ட சில மாதங்களில் எஃப்இஆர் கைக்கு வர வாய்ப்பு இருப்பதால், வெளிநாட்டில் போடுவதா வேண்டாமா என்ற 12 மாத முடிவை எடுக்கும் முன்பே பரிசோதகர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துவிடும். வெளிநாட்டுச் செலவு லட்சக்கணக்கில் போகும் விஷயம் என்பதால், இந்த ஒரு தகவலுக்கே கூடுதலாகக் கட்டும் 6,500 ரூபாய் தகும். இன்னொரு பலன்: வெளியான நாளிலிருந்தே உரிமை எண்ணப்படும், காப்புரிமை கிடைத்த பிறகு அந்த நாள் முதலான இழப்பீட்டைக் கேட்கலாம். போலி செய்பவர் ஏற்கெனவே சந்தையில் இருந்தால் இது பெரிய விஷயம்.

விலை என்ன? பின்வாங்கும் கதவு ஒரு மாதத்தில் மூடிவிடுகிறது. வெளியான பிறகு வாபஸ் வாங்கினாலும் கண்டுபிடிப்பு ஊரறிந்ததாகிவிடும், திருத்தி மறுபடி போட முடியாது. பின்னால் நீங்கள் செய்யும் மேம்பாடுகளுக்கும் உங்கள் சொந்த விண்ணப்பமே குறுக்கே நிற்கலாம். கூடுதல் காப்புரிமை (முதல் கண்டுபிடிப்பின் மேம்பாட்டுக்குத் தருவது) என்ற ஏற்பாட்டில் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் அதுவும் புதியதாக இருந்தாக வேண்டும். எவ்வளவு வேகமாக நகர்ந்தாலும் வெளியான ஆறு மாதத்துக்குள் காப்புரிமை வழங்கப்படாது, எதிர்ப்புக்கு அவகாசம் தர வேண்டும் என்பது விதி. மூலிகை, நுண்ணுயிர் போன்ற உயிரியல் பொருள் சம்பந்தப்பட்டதென்றால் இன்னொரு தடையும் உண்டு: சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறை முடியாமல் காப்புரிமை வழங்கமாட்டார்கள். அதை முதலிலேயே தொடங்காவிட்டால் விரைவுக் கட்டணம் கட்டியும் அங்கே போய் நிற்கும்.

முதலில் ஃபார்ம் 18 போட்டுவிட்டு, பிறகு 18ஏவாக மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது, சிறியவர்களுக்கு மேற்கொண்டு 4,000. எனவே முதல் நாளே அவசரப்பட வேண்டியதில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கூடுதல் பக்கம், கிளெய்ம், ஏஜென்ட் கட்டணம் சேர்க்காமல், ஆன்லைன் கணக்கு:

| | ப்ரொவிஷனல் + கம்ப்ளீட் | நேரடி கம்ப்ளீட், சாதாரணம் | விரைவு |
|---|---|---|---|
| பரிசோதனை வரை, சிறியவர்கள் | 5,600 | 5,600 | 12,100 |
| பரிசோதனை வரை, பெரிய நிறுவனம் | 28,000 | 28,000 | 80,500 (தகுதி இருந்தால்) |
| வெளியாவது | ப்ரொவிஷனலிலிருந்து 18 மாதம் | 18 மாதம் | சுமார் 1 மாதம் |
| சத்தமில்லாமல் பின்வாங்க | கம்ப்ளீட் போடாமல் விடலாம். போட்டால் 15 மாதம் வரை | 15 மாதம் வரை | கிட்டத்தட்ட இல்லை |
| எழுத்து வேலை | இரண்டு முறை | ஒரு முறை | ஒரு முறை, அவசரமாக |
| பொருந்துவது | இன்னும் மாறும், ஆனால் காட்டியாக வேண்டும் | முடிந்துவிட்டது, அவசரம் இல்லை | முடிந்துவிட்டது, முதலீடோ போலியோ வாசலில் |

சலுகைக் கட்டணத்தில் போட்ட விண்ணப்பத்தை நடுவில் பெரிய நிறுவனத்துக்கு மாற்றினால், அதுவரை கட்டியதற்கும் பெரியவர் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். விற்கும் ஒப்பந்தத்தில் அதை யார் கட்டுவது என்று எழுதிவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் 39ஆம் பிரிவு ஒன்றுதான். இந்தியாவில் வசிப்பவர் இங்கே போட்டு ஆறு வாரம் ஆகாமல், அல்லது ஃபார்ம் 25 வழியாக அனுமதி வாங்காமல், வெளிநாட்டில் முதலில் போடக் கூடாது. மீறினால் இங்கே விண்ணப்பம் போய்விடும், இரண்டு வருஷம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

## எதுவும் போடாமல் இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான். பட்டறைக்குள்ளேயே நடக்கும் ஒரு வெப்பப் பதம், ஒரு கலவை விகிதம், வெளியே விற்ற பொருளைப் பிரித்துப் பார்த்தாலும் தெரியாதது என்றால், 18 மாதத்தில் ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு 20 வருஷம் காவல் காப்பதைவிட ரகசியமாக வைத்திருப்பதே லாபம். வேலை செய்பவர்களோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் மட்டும் வேண்டும். வெறும் கணினி நிரல், பாரம்பரிய அறிவிலிருந்து அப்படியே எடுத்தது போன்றவை 3ஆம் பிரிவில் விலக்கப்பட்டவை. அதற்கு எந்த வழியில் போட்டாலும் பணம் வீண்.

## ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு

உங்கள் தேதியை இன்றே பாருங்கள். 2024 மார்ச் 14 அன்று போட்ட விண்ணப்பத்துக்குப் பரிசோதனை கேட்க 2028 மார்ச் 14 வரை நேரம் இருக்கிறது. மறுநாள் போட்டதற்கு 2026 அக்டோபர் 15 வரைதான். ப்ரொவிஷனல் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ணுங்கள். எஃப்இஆர் முதலான கடிதங்கள் ஏஜென்டின் மின்னஞ்சலுக்குத்தான் பெரும்பாலும் போகும், அதனால் அவர் சொல்லும் வரை காத்திருக்காமல், காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு மாதம் ஒருமுறை நீங்களே நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டியில் இருக்கும் சென்னை அலுவலகத்தில் போட்டதானாலும் கொல்கத்தா, டெல்லி, மும்பையில் போட்டதானாலும் தேடும் இடம் ஒன்றுதான், கட்டணமும் இல்லை.